சந்தியில் ஒரு சைக்கிள் கொட்டில்

எங்கள் ஊர் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். எனக்கு வேலை மட்டக்களப்பு டவுனில், புளியந்தீவுக்குள். இரண்டுக்கும் நடுவில் வாவி. 2014 வரைக்கும் மண்முனையில் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் றோட்டு இல்லை, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவை. தயிர் முட்டி கட்டின சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நெருக்கிக்கொண்டு நிற்கும், ஒரு காலைத் தூக்கினால் மறுகா வைக்க இடமிருக்காது. அந்த வருசம் ஜப்பான் உதவியில் கட்டின மண்முனைப் பாலம் திறந்தார்கள். எல்லோரையும் போல எனக்கும் சந்தோசம்தான், இப்பவும் பாலத்தைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் பாலம் வந்து முழுசாக ஆறினது மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்தான். மற்றவருக்கு பஸ் வேண்டும். காலையில் எப்படியோ தொங்கிக்கொண்டு போய்விடலாம், பின்னேரம்தான் வில்லங்கம். ஒருநாள் கடை பூட்டிவிட்டு ஓடிவந்து கேட்டால், "அது அப்பவே போயிற்றே அண்ணன்" என்கிறான் பெடியன். சரி என்று கல்முனை பஸ்ஸில் ஏறி, ஆரையம்பதி தாண்டி இறங்கி, மிச்சத்துக்கு ஓட்டோ பிடித்தேன். அன்றைக்கு உழைத்ததில் பாதி அதோடு சரி.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் நானும் சைக்கிளை எடுத்தேன். ஊரிலிருந்து பாலம் மட்டும் வயற்காற்று, மிதிக்கிறதே தெரியாது. பிரதான வீதியில் ஏறினால்தான் உயிர் கையில். காத்தான்குடியில் நடுவில் பேரீச்ச மரம் அழகாக நிற்கும், ஓரத்தில் வாகனங்கள் நிறுத்தியிருக்கும், இரண்டுக்கும் இடையில் போகிற லொறி பின்னால் வந்து ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரன் எங்கே ஒதுங்குவது? வடிகானுக்குள்தான். கல்லடியில் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம். 1924இல் கட்டின லேடி மன்னிங் பாலம், ஒரு வாகனம் மட்டும் போகிற அளவு ஒடுக்கமான இரும்புப் பாலம், 2013இல் பக்கத்தில் புதுசு வந்தபிறகு பழையதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் வாவிக்காற்று முகத்தில் அடிக்கும். அவ்வளவு தூரம் மிதித்து வேர்த்துப் போனதுக்கு அது ஒன்றுதான் லாபம்.

முழுத்தூரமும் சைக்கிளில் போ என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன், அந்த வெயிலில் முடியாது. ஆனால் ஊரிலிருந்து பிரதான வீதிச் சந்தி மட்டும் சைக்கிள், அங்கிருந்து பஸ் என்றால் வேலைக்குப் போகிற பிள்ளைகளும் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளும் எவ்வளவு பேர் தப்புவார்கள். கல்முனைப் பக்கம் போய்வருகிற பஸ் அந்த வீதியில் கொஞ்சமா ஓடுகிறது? இல்லாதது சைக்கிளை விட்டுப்போக ஒரு இடம். நாலு தூண், மேலே தகரம், பூட்டுப் போட ஒரு இரும்புக் கம்பி, பார்த்துக்கொள்ள ஒரு ஆள். பாலம் கட்டின காசோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு கணக்கா? அதோடு கடைகள் பூட்டினபிறகு படுவான்கரைக்கு ஒரேயொரு பஸ் விட்டால் இன்னும் நல்லது, ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது.

இப்போதைக்கு நான் சைக்கிளை விடுவது சந்தியில் உள்ள ஒரு தேத்தண்ணிக் கடையில். அக்கா காசு வாங்கமாட்டார், அதனால் தேவையில்லாமல் இரண்டு வடை வாங்குகிறேன். நேற்று மழைக்கு சீற்றில் உரப்பையைப் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அவர் ஏழு மணிக்குக் கடை பூட்டிவிடுவார், அதற்குள் வந்து சேரவேண்டும்.