குழந்தைகள் காப்பகக் கட்டணத்தை யார் சம்பளத்தில் கழிக்கிறீர்கள்?

"என் சம்பளம் முழுக்கக் காப்பகத்துக்கே போகிறது, அதற்கு நானே வீட்டில் இருந்துவிடலாமே." பேறுகால விடுப்பு முடியும் தறுவாயில் பல வீடுகளில் எழும் பேச்சு இது. கழித்தல் சரிதான். ஒருவர் வேலையை விட்டால் கட்டணம் மிச்சம், சம்பளம் போச்சு. வித்தியாசம்தான் வீட்டுக்கு லாபமோ நட்டமோ. ஆனால் எடுத்த எடுப்பில் அம்மாவின் சம்பளத்தில் கழித்துவிட்டால், 'யார் வேலையை விடுவது' என்பதைப் பேசாமலே முடிவு செய்தாகிவிட்டது. அதனால் இந்தக் கணக்கை இரண்டு தடவை போடுங்கள்: அம்மா விட்டால் என்ன, அப்பா விட்டால் என்ன.

முதலில் வேலைக்குப் போவதற்கே ஆகும் செலவு. கைக்கு வரும் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். காப்பகம் 45. போக்குவரத்து 10. சமைக்க நேரமில்லாமல் வெளியில் வாங்குவது, அலுவலக உடை, சில்லறை எல்லாம் சேர்த்து 8. பலரும் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு, குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாட்கள். காப்பகத்தில் சேர்ந்த முதல் வருடத்தில் எட்டுப் பத்து முறை சளி, காய்ச்சல் வருவது சாதாரணம். அன்று காப்பகம் சேர்க்காது, கட்டணமும் திரும்பாது. சம்பளமில்லா விடுப்போ மாற்று ஆளோ தேவை. அதற்கு 5. மிச்சம் 32. மாதம் 22 நாள், பயணத்தோடு நாளுக்கு 10 மணி நேரம் என்றால், 220 மணி நேரத்துக்கு 32. சம்பளச் சீட்டில் தெரியும் மணிக்கூலியில் இது கால்வாசிதான். வேலையை விட வேண்டும் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

இனி சம்பளச் சீட்டில் வராதவற்றைக் கூட்டுங்கள்: நிறுவனம் கட்டும் ஓய்வூதியப் பங்கு, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு, பணிக்காலத்துக்கு ஏற்ப வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை. சில இடங்களில் காப்பீடு ஒன்றே கணக்கைப் புரட்டிப்போடும்.

அடுத்தது திரும்பி வரும்போது கிடைக்கும் சம்பளம். மூன்று வருடம் விலகினால் இழப்பது 36 மாதம் × 32 = 1,152. தொடர்ந்திருந்தால் வருடம் 5 சதவீத உயர்வில் சம்பளம் ஏறக்குறைய 116 ஆகியிருக்கும். திரும்பும்போது 90-க்குத்தான் வேலை கிடைத்தது என்றால் மாதம் 26 பள்ளம். அது அப்படியே பத்து வருடம் நீடித்தால் 3,120, அதாவது விலகியிருந்த காலத்து இழப்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஐந்தே வருடத்தில் படிப்படியாக நிரம்பிவிட்டால் சுமார் 780. ஆக, உங்கள் துறையில் பள்ளம் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பதுதான் மையக் கேள்வி. காப்பகக் கட்டணம் அதற்கு அடுத்ததுதான். உங்கள் துறையில் இடைவெளி விட்டுத் திரும்பிய இரண்டு மூன்று பேரிடம் கேட்டாலே ஓரளவு பிடிபடும்.

ஒருவர் இடத்தில் இன்னொருவர் எளிதாக நிற்கக்கூடிய வேலைகளில் பள்ளம் சிறிது. 2023-இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இதற்கு மருந்தாளுநர் தொழிலை உதாரணம் காட்டுகிறார். எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருப்பவருக்கே அதிகப் பணம் தரும் வேலைகளில் பள்ளம் பெரிது. விலகாமல் தொடர்ந்தாலும் பள்ளம் அடியோடு இல்லாமல் போவதில்லை. குழந்தைப் பராமரிப்புக்கு அரசு நிறைய செலவிடும் டென்மார்க்கிலேயே, முதல் குழந்தைக்குப் பின் பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட்டால் நீண்டகாலத்தில் சுமார் 20 சதவீதம் பின்தங்குவதை ஆய்வு காட்டியிருக்கிறது.

காப்பகம் ஏன் இவ்வளவு விலை? கைக்குழந்தைகள் மூன்று நான்கு பேருக்கு ஒரு பணியாளர் வேண்டும். ஆக, ஒரு குழந்தையின் கட்டணம் அந்தப் பணியாளர் சம்பளத்தில் குறைந்தது கால்பங்கு. வாடகை, காப்பீடு அதற்கு மேல். இயந்திரம் வைத்து ஒருவரைப் பத்துக் குழந்தைகளைப் பார்க்கச் செய்ய முடியாது. அதனால் பொதுவாகச் சம்பளங்கள் ஏறும்போதெல்லாம் கட்டணமும் ஏறும், குறையாது. மூன்று வயதுக்கு மேல் ஒருவர் கூடுதல் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதால் கட்டணம் இறங்கும். இறுக்கம் முதல் இரண்டரை மூன்று வருடத்துக்குத்தான். இரண்டாவது குழந்தை இந்தக் காலத்துக்குள் பிறந்தால் இரண்டு கட்டணமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முதல் குழந்தையோடு சமாளித்தவர்கள் இரண்டாவதில் வேலையை விடுவது இதனால்தான்.

விலைவாசி ஏறும்போது எல்லோருக்கும் ஒரே திசையில் தள்ளு விழுவதில்லை. வாடகையும், வட்டி மாறும் வீட்டுக்கடன் தவணையும் ஏறினால் வீட்டிலிருந்தவர் வேலை தேடுவார். ஆனால் குறைந்த சம்பளக்காரருக்குக் கட்டணமே சம்பளத்தைத் தாண்டிவிடும். அவர் விருப்பமில்லாமல் வீட்டில் உட்காருவார். வீட்டிலிருக்கும் பெற்றோர் என்றாலே வசதியான குடும்பம் என்று நினைப்பது பாதிதான் சரி.

வரியையும் பாருங்கள். தம்பதியின் வருமானத்தைச் சேர்த்து வரி போடும் முறையில், இரண்டாமவரின் முதல் காசுக்கே முதலாமவரின் உச்ச விகிதம் விழும். ஜெர்மனியில் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான். சுவீடன் 1971-இல் தனித்தனி வரிக்கு மாறியது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் நின்றுபோகும் உதவித்தொகைகளும் ஒரு வகையில் கண்ணுக்குத் தெரியாத வரிதான். மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

பகுதிநேர வேலை நடுவழிபோலத் தெரியும். பல காப்பகங்கள் மூன்று நாளுக்கும் முழு இடத்துக்கான கட்டணமே வாங்கும். சம்பளம் 60 ஆகி, கட்டணம் 45-லேயே நின்றால் என்ன மிஞ்சும்? காப்பகத்தில் பகுதிநேர இடம் உண்டா என்று கேட்டு உறுதி செய்த பிறகு வேலை நேரத்தைக் குறையுங்கள்.

வேலையை விடுவது என்றே தீர்மானித்தால், அதற்கு முன் மூன்று மாதம் ஒரு சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள். மற்றதில் காப்பகத்துக்கும் பயணத்துக்கும் போக மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு, தொடாதீர்கள். இந்தச் சோதனை பலருக்கும் பொய்யாக வெற்றி பெறும், ஏனென்றால் காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், வண்டிப் பழுது ஆகியவை அந்த மூன்று மாதத்தில் வராமல் போகலாம். வருடச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் ஒதுக்கினால்தான் உண்மை தெரியும். இரட்டைச் சம்பளத்தில் மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பு போதும் என்றால், ஒற்றைச் சம்பளத்தில் ஆறு மாதத்துக்காவது வேண்டும். விழுந்தால் தாங்க இன்னொரு சம்பளம் இல்லை.

ஆயுள் காப்பீடு சம்பாதிப்பவருக்கு மட்டும் போதாது. வீட்டிலிருப்பவர் இல்லாமல் போனால் அந்த 45-ஐ மறுநாளே கட்ட வேண்டி வரும். அவர் பெயரில் ஓய்வூதியச் சேமிப்பையும் மாதாமாதம் தொடருங்கள். ராஜினாமா கடிதத்துக்கு முன் சம்பளமில்லா நீண்ட விடுப்பைக் கேளுங்கள். கிடைத்தால், எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும், திரும்பினால் அதே பதவியும் அதே படிநிலையும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.