ஐந்து நாள் பயிற்சியும் ஏழாயிரம் தமிழ் நூல்களும்

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பிதழ் என் மேசைக்கு வந்தது. கோஹா என்னும் கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் பற்றி அண்டை மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை நடக்கவிருந்தது. கலந்துகொள்ளத் தகுதியுடையோர் கல்லூரி நூலகர்களும் நூலக அறிவியல் ஆய்வு மாணவர்களும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். நான் இவ்விரண்டிலும் சேராதவள்; அரசு உதவிபெறும் கலைக் கல்லூரி ஒன்றின் நூலக உதவியாளர்.

எங்கள் நூலகர் ஓய்வுபெற்று அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, அப்பணியிடம் நிரப்பப்படவில்லை. பொறுப்பு நூலகராகக் கையெழுத்திடுபவர் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர். வரவுப் பதிவேடு எழுதுவதும், நூலின் பொருளுக்கேற்பப் பகுப்பெண் இடுவதும், நூல் வழங்கித் திரும்பப் பெறுவதும், ஆண்டிறுதியில் நூலிருப்பைச் சரிபார்ப்பதும் நானும் நூலகப் பணியாளரான தம்பி ஒருவரும்தான். கல்லூரி நூலகரின் பதவி உயர்வுக்குப் புத்தொளிப் பயிற்சிகளும் பட்டறைகளும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதால், அவற்றை நடத்துவோரும் நூலகரை மனத்தில் வைத்தே அழைப்பிதழ் எழுதுகிறார்கள். நூலக உதவியாளர் ஆசிரியரல்லாப் பணியாளர் பட்டியலில் வருகிறார். அவருக்குப் பயிற்சி என ஒன்று எந்தக் கோப்பிலும் இல்லை. நூலைக் கையில் எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்பவருக்கு அந்த வேலையைக் கற்றுத்தரும் வாய்ப்பு இல்லாமல் போவதைப் பல ஆண்டுகளாக மனவருத்தத்துடன் பார்த்திருக்கிறேன். என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதாலேயே நான் கடந்து வந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பட்டறை ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து என் நிலையைச் சொன்னேன். "நூலகர் பணியிடம் காலியாக இருக்கிறது, நூலகப் பணிகளை நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள்மா, சேர்த்துக்கொள்கிறோம்" என்றார் அவர். அழைப்பிதழில் நம் பதவிப் பெயர் இல்லையென்றாலும் கேட்டுவிட வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதற்கு முன் எத்தனையோ அழைப்பிதழ்களைக் கேட்காமலே கோப்பில் வைத்திருக்கிறேன்.

கடினமாக இருந்தது எங்கள் கல்லூரியில் அனுமதி பெறுவது. என் முதல் விண்ணப்பம், ஆசிரியரல்லாப் பணியாளருக்குப் பயிற்சிக்காகப் பணிநிமித்த விடுப்பு அளித்த முன்மாதிரி இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. இரண்டாம் விண்ணப்பத்தை எழுதுமுன் பொறுப்பு நூலகரான பேராசிரியரிடம் ஆலோசனை கேட்டேன். "உங்களுக்கு இது வேண்டும் என்று எழுதாதீர்கள். நீங்கள் இல்லாத ஐந்து நாளும் நூலகம் எப்படி நடக்கும், நீங்கள் வந்த பின் அங்கே என்ன மாறும் என்று எழுதுங்கள்" என்றார். அவ்வாறே எழுதினேன்: வழங்கல் மேசையைத் தம்பி பார்த்துக்கொள்வார், பதிவுக் கட்டணத்தை நானே செலுத்திக்கொள்கிறேன், திரும்பி வந்த பிறகு தமிழ் நூல்கள் அனைத்தையும் ஒரு கல்வியாண்டுக்குள் கணினிப் பட்டியலில் ஏற்றித் தருகிறேன். கடைசியில் ஒரு செய்தியையும் சேர்த்தேன். கணித ஆசிரியராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற பிறகே லண்டன் சென்று நூலகவியல் பயின்றார். திரும்பி வந்தபின் 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக நூலகப் பணிக்கான பயிற்சி வகுப்பு தொடங்கக் காரணமானார். அதை 1931இல் சென்னைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. பணியில் இருப்பவரைப் படிக்க அனுப்புவது இம்மண்ணில் ஏறத்தாழ நூறாண்டு வழக்கம் என்று முதல்வருக்கு நினைவூட்ட விரும்பினேன். மூன்று நாட்களுக்குப் பணிநிமித்த விடுப்பும், எஞ்சிய இரண்டு நாட்களுக்கு என் தற்செயல் விடுப்பும் என்று ஆணை வந்தது. முழுதும் கிடைக்கவில்லை, ஆயினும் எங்கள் கல்லூரியில் அந்த மூன்று நாட்களே முதல் முன்மாதிரி.

நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பு முடித்துவிட்டுத்தான் பணியில் சேர்ந்தேன். பின்னர் தொலைநிலைக் கல்வியில் இளநிலைப் பட்டமும் பெற்றேன். டியூவி தசமப் பகுப்பு, கோலன் பகுப்பு என்னும் நூல் வகைப்பாட்டு முறைகள் செய்முறைத் தாள்களாக இருந்ததால், தமிழ் இலக்கியம் என்றால் 894.811, அதிலே புனைகதை என்றால் 894.8113 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். ஆனால் பட்டியலாக்கத்தை அட்டையில் எழுதித்தான் கற்றிருந்தேன். மார்க் 21 என்னும் கணினிப் பதிவு வடிவம் எனக்குப் பாடநூலில் ஓர் அத்தியாயம் மட்டுமே.

பட்டறையின் முதல் ஒன்றரை நாள் தொடக்க விழாவிலும் உரைகளிலும் கழிந்தது. நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக உருவாகி 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள் இது என்பதும், உரிமக் கட்டணம் இல்லாதது என்பதும் பலமுறை சொல்லப்பட்டன. செய்முறை தொடங்கியபோது ஒரு கணினிக்கு இருவர் அமர்ந்தோம். விசைப்பலகை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கற்கிறார், அருகில் இருப்பவர் பார்க்க மட்டுமே செய்கிறார் என்பதை முதல் அரைமணியிலேயே உணர்ந்து, பக்கத்தில் இருந்த அக்காவிடம் பேசி, ஒரு நூலுக்கு ஒருவர் என்று மாறி மாறி அமர்ந்துகொண்டோம்.

புறப்படும் முன் நான் செய்த ஒரு காரியம் மிகவும் உதவியது. எங்கள் அலமாரிகளிலிருந்து ஐம்பது நூல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் தலைப்புப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துச் சென்றிருந்தேன். எளிதானவற்றை விட்டுவிட்டு, எனக்கு ஐயம் தரும் நூல்களையே எடுத்திருந்தேன்: ஆண்டு குறிக்கப்படாத பழைய பதிப்புகள், உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் வேறு வேறாக உள்ள இலக்கண நூல்கள், தொகுப்பு நூல்கள், பன்னாட்டுத் தர நூல் எண் இல்லாத சிறு வெளியீடுகள். பயிற்றுநர் காட்டிய எடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஆங்கிலப் பாடநூல்கள். அவற்றுக்கு இசட்39.50 என்னும், நூலகங்களுக்கிடையே தேடுவதற்கான நெறிமுறை வழியாகப் பிற நூலகங்களின் பதிவை ஒரே சொடுக்கில் இறக்கிக்கொள்ளலாம். அதே முறையில் என் ஐம்பதையும் தேடினேன். பெரும்பாலானவை கிடைக்கவில்லை; கிடைத்த சிலவும் ரோமன் எழுத்தில், மேற்குறிகளுடன் இருந்தன. எங்கள் மாணவர் எவரும் தமிழ் நூலை அவ்வாறு தேடப் போவதில்லை. ஆகவே மார்க் பதிவின் எண்ணிட்ட புலங்களில், 100இல் ஆசிரியர், 245இல் தலைப்பு, 082இல் பகுப்பெண், 952இல் எங்கள் படிக்குரிய வரவு எண் என்று ஒவ்வொன்றையும் தமிழில் நானே அடிக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் மாலைக்குள் முப்பத்திரண்டு நூல்களை முடித்திருந்தேன். அம்முப்பத்திரண்டில் எழுந்த ஐயங்களைப் பயிற்றுநரிடம் கேட்டுக் குறித்துவந்த கையேடுதான் இன்றும் எங்கள் மேசையில் இருக்கிறது.

அந்த ஐயங்களில் பெரியது ஆசிரியர் பெயர். மு. வரதராசன் என்று ஒரு நூலில் இருக்கும், வரதராசனார் என்று மற்றொன்றில், மு.வ. என்று அட்டையில். மூன்றையும் மூவராக ஏற்றிவிட்டால் மாணவருக்கு மூன்றில் ஒரு பங்கு நூல்களே கண்ணில் படும். எந்த வடிவத்தை முதன்மையாக வைப்பது, மற்றவற்றை எப்படி அதனோடு இணைப்பது என்பதற்கான பெயர் அதிகாரப் பதிவைப் பட்டறையில் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். தமிழ் நூலகம் எதற்கும் ஒரு முழு நாள் தேவைப்படும் பாடம் அது.

திரும்பி வந்ததும் கணினி ஆய்வகம் கழித்துவிட்ட ஒரு கணினியைக் கேட்டு வாங்கி, கணினித்துறை ஆசிரியர் ஒருவர் துணையுடன் லினக்ஸும் கோஹாவும் நிறுவினேன். மறந்த படிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் கைகொடுத்தன. ஒவ்வொன்றும் சிறியதாக இருப்பதால் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே உடன் செய்ய முடிந்தது. முதல் நூறு நூல்களை ஏற்றிவிட்டுத் தமிழில் தேடிப் பார்த்தபோது, கண்முன்னே இருக்கும் நூலே முடிவுகளில் வரவில்லை. ஒரு வாரம் உறக்கமில்லை. தேடலுக்கான அட்டவணையை உருவாக்கும் ஸெப்ரா என்னும் பகுதி, ரோமன் அல்லாத எழுத்துகளைச் சரியாகப் பிரித்தறிய ஐ.சி.யு. என்னும் முறைக்கு மாற்றப்பட வேண்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். அமைவுக் கோப்பில் அதை மாற்றி, அட்டவணையை முழுதும் புதிதாக எழுப்பிய பிறகு நூல்கள் வரத் தொடங்கின. தமிழ்நாட்டில் நடக்கும் எந்தக் கோஹா பயிற்சியிலும் இதை இரண்டாம் நாளே சொல்லிவிட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

அடுத்தது எழுத்துப்பிழை போலத் தோன்றாத பிழை. 'கௌரவம்' என்பதை ஒருவர் ஔகாரக் குறியிட்டு அடிப்பார்; இன்னொருவர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்துக் 'கெளரவம்' என்று அடிப்பார். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. எழுத்துகளின் குறியெண் வரிசையிலேயே அடுக்கும் பட்டியல்களில் னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடுவதால், மனம் என்னும் சொல் மரம், மலர், மழை எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நிற்கும். அகராதி வரிசையில் அது கடைசியில் வர வேண்டியது. முன்பிருந்த நூலகர் பெருமுயற்சியில் உருவாக்கிய ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களின் பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்தது. எழுத்துருவை நீக்கினால் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அதை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி ஒவ்வொரு வரியையும் நூலோடு ஒப்பிட்டோம். அந்த ஒப்பீட்டைச் செய்தவர் தம்பி. பத்தாம் வகுப்புக்குப் பின் படிப்பைத் தொடராதவர். தமிழ்99 விசைப்பலகையை மூன்று வாரத்தில் பழகிக்கொண்டு, ஔகாரப் பிழைகளை என்னைவிட விரைவாகக் கண்டுபிடித்தார்.

நாளொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது நூல் என்ற வேகத்தில், தேர்வு நாட்களும் சரிபார்ப்பு நாட்களும் போக, ஏழாயிரம் தமிழ் நூல்களையும் 2024 மார்ச்சில் முடித்தோம். ஒரு கல்வியாண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கூடுதலாகச் சில மாதங்கள் ஆயின. பட்டறைச் சான்றிதழ் என் பணிப்பதிவேட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஊதியத்திலோ பதவியிலோ அதனால் மாற்றம் ஏதும் இல்லை. உதவியாளருக்கும் பயிற்சியைப் பணிமதிப்பில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் சங்கத்தின் வழியாக மனு கொடுத்திருக்கிறோம்.

சென்ற மாதம் மற்றொரு கல்லூரியிலிருந்து மூன்று நாள் பட்டியலாக்கப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. வழக்கம்போல நூலகர்கள் என்றே அச்சிட்டிருந்தது. ஒருங்கிணைப்பாளரை அழைத்துப் பேசிவிட்டு, இம்முறை தம்பியின் பெயருக்கு விண்ணப்பம் எழுதி, என்னுடைய பழைய ஆணையின் நகலை முன்மாதிரியாக இணைத்து அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். தம்பி தன் ஐம்பது நூல்களைத் தேர்ந்துகொண்டிருக்கிறார்.