இரண்டு தண்ணீரும் ஒரு மரப்படகும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இந்த 61 நாளும் கடலுக்குப் போகிறவர்களுக்கு வருமானமில்லாத காலம். என்னைப் போல் எஞ்சின் வேலை பார்க்கிறவர்களுக்கும் படகு ஆசாரிகளுக்கும் வருஷத்திலேயே மூச்சுவிட நேரமில்லாத காலம் அதுதான். நாகப்பட்டினத்தில் கடுவையாற்றங்கரை முழுக்க சுத்தியல் சத்தமும் பெயிண்ட் வாடையுமாக இருக்கும். மற்றவர்கள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே, நானும் மச்சானும் சேர்ந்து வைத்திருக்கும் 42 அடி மரப்படகையும் அந்த நாட்களில்தான் பழுது பார்க்க வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வேகமாகப் பெருகின. பெரிய படகு கட்டுகிறவர்கள் இப்போது இரும்புக்குப் போகிறார்கள். "இன்னும் எதுக்கு இந்த மரத்தைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?" என்று மச்சானிடம் கேட்காத ஆளில்லை. எங்களுக்கு அது அழுகை இல்லை. மரப்படகில் எந்தப் பலகை கெட்டாலும் அந்தப் பலகையை மட்டும் கழற்றி வேறு போடலாம். ஆற்றங்கரையில் உளியும் வாளும் இழைப்புளியும் இருந்தால் போதும். எங்கள் படகில் முதலில் போட்ட மரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எனக்கே தெரியாது. படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடும் ஏரா மட்டும் பழையது. ஆனால் மரப்படகு வைத்திருப்பவன் தண்ணீரைப் படித்தாக வேண்டும். டெல்டாவில் அதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். இங்கே படகு நிற்பது உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் இடத்தில்.

உப்புத் தண்ணீரில் இருப்பது கப்பல் புழு. புழு என்கிறோமே தவிர, அது மட்டி, சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் தலையளவு ஓட்டை போட்டு உள்ளே போகும். பிறகு தலையிலுள்ள இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தை அரைத்து, நார் ஓடும் திசையிலேயே நீளமாகக் குடைந்துகொண்டு வளரும். குடைந்த வழியெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு பூசியிருக்கும். வெளியே பலகை புதுசு மாதிரி தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் படகு கரையேறியதும் ஆசாரி அண்ணன் முதலில் செய்வது சின்னச் சுத்தியலால் அடிப்பலகையை அடி அடியாகத் தட்டிக்கொண்டு போவதுதான். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. சத்தம் பொத்தென்று விழும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டை நம்பித்தான் மரம் வாங்கப் போவோம்.

நன்னீர் இந்தப் புழுவைக் கொல்லும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் இறங்கி முகத்துவாரம் வரை கலங்கலாக ஓடும்போது, படகை ஆற்றுக்குள் தள்ளி நிறுத்தி வைப்பது நல்லது. மழை சரியாகப் பெய்து காவிரியில் தண்ணீர் வந்த வருஷத்துக்கும், முகத்துவாரம் உப்பாகவே கிடந்த வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம் அடுத்த ஏப்ரலில் பலகையைத் தட்டும்போது தெரியும். மேட்டூர் அணை ஜூன் 12ல் திறக்குமா என்று கீழ்வேளூர் விவசாயி பேப்பரைப் பார்ப்பார். எனக்கும் அந்தச் செய்தி வேண்டும்.

ஆனால் அதே நன்னீர் டெக்குக்கு மேலே நின்றால் படகை அழுக வைக்கும். மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் போய், காற்றும் படாமல் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். கடல் தண்ணீரில் ஊறும் மரத்தை அது அண்டாது. படகோட்டும் அறையான வீல்ஹவுஸின் சுவர் டெக்கில் உட்காரும் மூலை, படகின் முன்முனையான அணியத்தின் உள்பக்கம், ஐஸ் பெட்டியைச் சுற்றிய இடம் என்று மழைத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் சொட்டுகிற இடத்தில்தான் மரப்படகு முதலில் சாகிறது. "டெக்கைக் குழாத் தண்ணியில கழுவாத தம்பி, கடத் தண்ணிய மொண்டு ஊத்து" என்பார் ஆசாரி அண்ணன். வெளிநாட்டில் பழைய மரக்கப்பல்களில், பலகைகளை விலா எலும்பு மாதிரித் தாங்கும் உள்சட்டங்களுக்கு நடுவே கல்லுப்பை அடைத்து வைப்பார்களாம். வேதாரண்யம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இதை இன்னும் நிறையப் பேர் செய்யலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது விஷயம் வெயில். தரையேறிய படகில் புழு செத்துவிடும், அதுவரை நல்லது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பலகை காய்ந்து சுருங்கி, இரண்டு பலகைக்கு நடுவே வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்துப் பயந்து பஞ்சுத் திரியை இடுக்கு நிறைய அடித்து ஏற்றிவிடக் கூடாது. படகு தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறி உப்பும். விரிய இடமில்லாவிட்டால் பக்கத்துப் பலகையை நெருக்கி, ஆணியை உள்சட்டத்திலிருந்து பிடுங்கிவிடும். இப்படித் திரி அடித்து இடுக்கை அடைக்கும் வேலைக்குத்தான் கலப்பத்து என்று பெயர். அதை அடிக்கிற கைக்கு அந்த அளவு தெரிய வேண்டும். திரி அடித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசும்போது ஆசாரி அண்ணன் விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். நாங்கள் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, பக்கப் பலகைகளில் ஈரச் சாக்கு தொங்கவிடுவோம். 61 நாள் கிடைக்கிறதே என்று அத்தனை நாளும் படகைத் தரையில் விட மாட்டோம். அடிவேலை முடிந்ததும் இறக்கிவிடுவோம்; மேல்வேலையைத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு பெரிய படகானாலும் இது விதிதான். அமெரிக்க அதிபர்கள் பயன்படுத்திய செக்கோயா என்ற மரப்படகு 1925ல் கட்டியது, 104 அடி நீளம். 1977ல் ஜிம்மி கார்ட்டர் அதை விற்கச் சொன்னார். பின்னால் உரிமை வழக்கில் மாட்டி, வர்ஜீனியாவில் ஒரு படகுத்துறையில் தரையேறிக் கிடந்தது. மரம் கெட்டு, ரக்கூன்கள் உள்ளே குடியேறின. 2016ல் நீதிமன்றம், அதை வாங்குகிறவர் பணமே கொடுக்க வேண்டாம் என்று தீர்ப்பளிக்கும் நிலைக்கு வந்தது. இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போரில், 1940ல் பிரான்ஸின் டன்கிர்க் கரையிலிருந்து படைவீரர்களை மீட்கப் போன சின்ன மரப்படகுகளில் பல இன்னும் இங்கிலாந்தில் மிதக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

என் சொந்த வேலைக்கு வருகிறேன். படகு தரையில் இருக்கும்போது எஞ்சினை, புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டுக்கு நேர் பார்த்துப் போல்ட்டை முறுக்கிவிட்டால், இறங்கியதும் அது நேராக இருக்காது. தண்ணீர் தாங்கும்போது மரப்படகின் உடம்பே கொஞ்சம் வளைந்து உட்காரும். இறக்கிச் சில நாள் ஊறவிட்டு, பிறகுதான் எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். 6 அங்குலக் கப்ளிங் என்றால், மேலும் கீழும் உள்ள இடைவெளி வித்தியாசம் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 6 பங்கைத் தாண்டக் கூடாது. இதைச் செய்யாத படகில், ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்டு பேக்கிங்கை மாற்றி மாற்றி அலுத்துப்போவார்கள். குறை பேக்கிங்கில் இல்லை.

மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகட்டும் என்று படகின் அடியில் வைக்கும் துத்தநாகக் கட்டியும் அப்படித்தான். துரு பிடிக்காமல் இருக்க நான்கு கட்டி கூடவே வை என்பார்கள். இரும்புப் படகுக்குச் சரி. மரப்படகில் தேவைக்கு மேல் வைத்தால், வெண்கல போல்ட்டைச் சுற்றிக் காரம் சேர்ந்து மரம் நார்நாராகப் பொசுங்கும். போல்ட் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கட்டியைக் குறைக்க வேண்டும்.

மரம் கிடைப்பதுதான் இப்போது பெரிய கஷ்டம். உள்சட்டத்துக்கு வளைந்தே வளர்ந்த கருவேலங்கிளை வேண்டும். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்து பலம் போய்விடும். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது விழுந்த மரங்களுக்குக் கணக்கே இல்லை. ஊரே நொந்து கிடந்த நேரம். ஆசாரி அண்ணன் பைக்கில் கிராமம் கிராமமாகப் போய், அடுப்புக்குப் போகவிருந்த கருவேலையும் வாகையையும் வேம்பையும் பார்த்துப் பார்த்து விலை பேசி வாங்கி வந்தார். அந்தக் கருவேல் இன்று எங்கள் படகின் பின்முனையான கடையால் பக்கம் சட்டமாக நிற்கிறது.

பழைய மரப்படகுக்கு மேலே ஃபைபர் போர்த்திவிடலாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். புதுசாகக் கட்டி, நன்றாகக் காய்ந்த படகுக்குச் செய்தால் புழுவுக்கு நல்ல தடுப்பு. பல வருஷம் ஊறிய மரத்துக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லாமல், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் மக்கிவிடும். இதைக் கேட்டு என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கேட்டால் மறுபடியும் இதையேதான் சொல்வேன்.

இந்தத் தடைக்காலத்தில் அணியத்தின் இடது பக்கம் இரண்டு பலகை மாற்ற வேண்டும். வாகைப் பலகை அறுத்து நிழலில் அடுக்கியாயிற்று. ஆசாரி அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. அவர் பேரன் ஐடிஐ படிக்கிறான், லீவில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கலப்பத்து முழுவதையும் அவன் கையிலேயே கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவதாக அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவனுக்கு நாள்கூலி ஆசாரிக் கூலியாகவே கொடுப்பது என்று நானும் மச்சானும் பேசி வைத்திருக்கிறோம்.