பில் திரையில் ஒரு சிவப்பு நட்சத்திரம்

கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் போட்டுக்கொடுப்பது என் வேலை. திருச்சியில் பதினொரு வருடமாகச் செய்கிறேன். ஜவுளிக்கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை என்று பல கவுன்டர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எந்தக் கடையில் "நம்பர் சொல்லுங்க மேடம்" என்று கேட்டாலும், கவுன்டரில் கேட்கும் பெண்ணின் முன்னால் இருக்கும் திரை என் கண்ணில் வந்து நிற்கும்.

பில் திரையைத் திறந்ததும் கர்சர் பார்கோடு கட்டத்தில் நிற்க வேண்டும். சேலையை எடுத்து ஸ்கேனரில் காட்டினால் பில் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் நான் பார்க்கும் பல சாப்ட்வேர்களில் கர்சர் முதலில் போய் நிற்பது மொபைல் எண் கட்டத்தில்தான். பக்கத்திலேயே, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சொல்லும் ஒரு சிவப்பு நட்சத்திரம். பத்து இலக்கம் விழாமல் என்டர் தட்டினால் 'டொங்' என்று சத்தம் வரும், கர்சர் நகராது. வரிசையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள், சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் என்ன செய்வாள்? நாம் "எதுக்கு நம்பர்?" என்று அவளிடம் கோபப்படுகிறோம். அவளுக்கு அந்தக் கட்டத்தைத் தாண்ட வழியே இல்லை. அந்த வழியை அடைத்தது என்னைப் போன்றவர்கள். செட்டிங்ஸில் ஒரே ஒரு டிக். அதை எடுத்துவிட்டால் நட்சத்திரம் போய்விடும்.

"ஜிஎஸ்டிக்கு வேணும்" என்று பல கடைகளில் சொல்வார்கள். வேண்டாம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய்க்குக் கீழே பில் போட்டால், அவர் கேட்காதவரை பெயர், முகவரிகூடக் கட்டாயமில்லை. 2 லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள், அது வருமான வரி விதி. போன் நம்பர் இந்த இரண்டிலுமே இல்லை. மருந்துக்கடையில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சில மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ள மருந்துக்குத் தனிப் பதிவேடு உண்டு. டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதிலும் போன் நம்பர் கேட்கவில்லை. நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. நான் போகும் கடைகளில் அதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம், என் தங்கை ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தாள். நல்ல கூட்டம். கவுன்டரில் நம்பர் கேட்டார்கள், சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று மறுபடி சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். தட்டியது சரியா என்று அந்தப் பையன் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிப் படித்தான். அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு 'ஹாய்'. அப்புறம் "இன்னிக்கு எடுத்த பச்சை சுடிதார் உங்களுக்கு நல்லா இருக்கும்". வரிசையில் பின்னால் நின்ற யாரோ. பிளாக் செய்தாள், வேறு எண்ணிலிருந்து வந்தது. இரண்டு வாரம் போனை எடுக்கவே பயந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கடையின் சாப்ட்வேர் நான் போட்டதில்லை. ஆனால் அதே நட்சத்திரத்தை எத்தனை கடையில் போட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

மருந்துக்கடை இன்னும் மோசம். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதி வந்ததிலிருந்து, ஏற்கெனவே பதிந்த நம்பருக்குத் தானாகவே போய்விடுகிறது. ஒரு வீட்டில் எல்லோருக்கும் அப்பா நம்பரைத்தான் கொடுத்திருப்பார்கள். மகள் மனநல மருந்து வாங்கினால், அவள் வீட்டுக்கு வருவதற்குள் மாத்திரைப் பெயரோடு பில் அப்பா போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த வீட்டில் அன்று மாலை என்ன பேச்சு நடக்கும் என்று இந்தத் திரையை வடிவமைத்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

முதலாளிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பொருளை மாற்ற வருகிறவர் பில்லைத் தொலைத்துவிட்டு வருவார், நம்பர் இருந்தால் தேடி எடுக்கலாம். பாயிண்ட்ஸ் சேர்ப்பவர்களுக்கும் நம்பர் தேவைதான். வேண்டுமென்பவர் தரட்டும். கட்டாயப்படுத்தி வாங்குவதில் கடைக்கும் லாபமில்லை. அவசரத்தில் கவுன்டரில் இருப்பவர்கள் ஒன்பதைப் பத்து முறை தட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு கடையில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால், ஊரிலேயே அதிகம் வாங்கியவர் அந்த ஒன்பதுகள்தான். இன்னொரு பக்கம், உண்மையான நம்பர்கள் எல்லாம் ஒரே எக்செல் பைலாக மார்க்கெட்டிங் ஆட்களுக்குப் போகின்றன. பென்டிரைவில் எடுத்துப்போனதை நானே பார்த்திருக்கிறேன்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. போனில் டாக்டரைப் பார்க்க உதவும் ஒரு ஆப், சிகிச்சைக்கான சம்மதத்தோடு போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. நோயாளி இரண்டுக்கும் சரி என்கிறார். ஆனாலும் சிகிச்சைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், அந்தச் சம்மதம் சிகிச்சைக்கு மட்டும்தான் என்கிறது சட்டம். சேலைக்கு பில் போட என் நம்பர் எதற்கு என்று நானும் அதையேதான் கேட்கிறேன்.

தங்கைக்கு நடந்ததற்கு அப்புறம் புதிதாகப் போடும் எந்தக் கடையிலும் நான் அந்த டிக்கை வைப்பதில்லை. கர்சரை பார்கோடு கட்டத்துக்கு மாற்றிவிடுகிறேன். நம்பர் தர விரும்புகிறவர் தானே தட்டிக்கொள்ள, வாடிக்கையாளர் பக்கம் ஒரு சின்ன கீபேட் வைக்கச் சொல்கிறேன். சத்தம்போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கடைகளுக்கு சர்வீஸுக்குப் போகும்போது முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன். சிலர் "நீ உன் வேலையைப் பாரும்மா" என்பார்கள். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி மட்டும் தங்கை கதையை முழுதாகக் கேட்டார். அவருக்கும் கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். "எடுத்துரும்மா" என்றார்.

போன வாரம் அந்தக் கடைக்கு ஒரு இட்லிப் பானை வாங்கப் போனேன். கவுன்டரில் புதுப் பெண், என்னைத் தெரியாது. பானையை ஸ்கேன் செய்துவிட்டு நிமிர்ந்து, "பேப்பர் பில் போதுமாக்கா, இல்ல போனுக்கு அனுப்பணுமா?" என்று கேட்டாள்.