காட்டைப் பற்றி யாரிடம் கேட்பது?

கிராம வனக் குழுவுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. காப்புக் காட்டில் ஒரு மரத்தை வெட்டவோ, வெட்டுவதைத் தடுக்கவோ குழுவால் உத்தரவிட முடியாது. 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் அந்த அதிகாரத்தை அரசிடம்தான் வைத்திருக்கிறது. குழுவால் முடிவது யோசனை சொல்வது. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஜவ்வாது மலை அடிவாரத்தில் அப்படியொரு குழுவின் செயற்குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். யோசனை யாரிடமிருந்து வருகிறது, அது எங்கே எழுதி வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு என்பதை அங்கேதான் கண்டேன்.

இந்தக் குழுக்கள் திடீரென்று முளைத்தவை அல்ல. மேற்கு வங்கத்தின் மிதினாப்பூர் மாவட்டத்தில் அராபாரி என்ற இடத்தில், 1970களின் தொடக்கத்தில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி சிதைந்துபோன சால் மரக் காட்டைச் சுற்றியிருந்த கிராம மக்களிடமே பாதுகாக்கக் கொடுத்தார். காடு மீண்டால் அறுவடையில் நான்கில் ஒரு பங்கு அவர்களுக்கு என்பது பேச்சு. காடு மீண்டது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை மக்களின் பங்கேற்பை ஏற்றுக்கொண்டது. 1990 ஜூன் 1 அன்று சிதைந்த காடுகளை மீட்பதில் கிராம மக்களையும் சேர்க்கச் சொல்லி மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பான் கடனுதவியுடன் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் வனக் குழுக்கள் அமைந்தன. எங்கள் கிராமமும் அந்த வரிசையில் வந்ததுதான்.

விருப்பமுள்ள ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பொதுக்குழுவில் உறுப்பினர்கள். அவர்களிலிருந்து செயற்குழு, தலைவர். வனத்துறை ஊழியரான வனவர்தான் உறுப்பினர்-செயலர். தாளில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்று அறிவித்துவிட்டால் அந்த ஏற்பாடு முழுவதும் வீண். அந்த நேரத்தில் விறகுக்குப் போன பெண்கள் மலையில் இருப்பார்கள், ஆடு மேய்ப்பவர்கள் மந்தையோடு இருப்பார்கள், கூலிக்குப் போனவர்கள் களத்துமேட்டில் இருப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் காட்டுப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லாத என்னைப் போன்றவர்கள். காடு பற்றி எதுவும் தெரியாதவர்கள் கூடி, காடு பற்றித் தீர்மானம் போட்டுக் கலைவோம். கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு மாற்றுங்கள் என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது இருந்த வனவர் நல்ல மனிதர். இருட்டிய பிறகு மலையோரப் பாதையில் வண்டி ஓட்டித் திரும்ப வேண்டியிருந்தும் ஒப்புக்கொண்டார். அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் குழு உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது என்பேன்.

நுண்திட்டம் தயாரிக்கும் நாள் வந்தது. திட்டக் காலத்தில் எந்தச் சரிவில் கன்று நடுவது, எங்கே தடுப்பணை, எங்கே மழைநீர்க் குட்டை என்பதையெல்லாம் ஊரோடு கூடி எழுத வேண்டிய ஆவணம் அது. கோயில் முன் திடலில் கோலப்பொடியால் கிராமத்தையும் காட்டையும் வரைந்தோம். முதலில் ஆண்கள் வரைந்தார்கள். சாலை, ஏரி, காப்புக் காட்டின் எல்லைக் கற்கள், மலைக்கு ஏறும் ஒரே ஒரு வழி. பிறகு ஒரு பாட்டி எழுந்து வந்து, கோலப்பொடி டப்பாவை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கோடு இழுக்கத் தொடங்கினார். சுள்ளி பொறுக்கப் போகும் வழி. சீமாற்றுப் புல்லுக்குப் போகும் வழி. கடுக்காய் மரங்கள் நிற்கும் மேட்டுக்கு ஒரு வழி, புளிய மரங்களுக்கு இன்னொன்று. மழைக்காலத்தில் ஓடை தடுத்துவிட்டால் சுற்றிப் போக வேறொன்று. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டு ஒருவர் கோட்டை ஒருவர் திருத்தினார்கள். வெறும் பச்சை நிறமாக வரைபடத்தில் இருந்த காடு, அரை மணி நேரத்தில் வழிகளும் பெயர்களும் நிறைந்த இடமாகிவிட்டது. பாறைக்குப் பெயர், மடுவுக்குப் பெயர், தனியாக நிற்கும் ஒரு வேங்கை மரத்துக்கும் பெயர்.

மழைநீர்க் குட்டைக்கு அதிகாரிகள் குறித்து வைத்திருந்த இடம் வண்டிப் பாதைக்கு அருகில் இருந்தது. இயந்திரம் கொண்டுவர வசதி, மேலதிகாரி பார்வையிட வந்தால் காட்டவும் வசதி. அதே பாட்டி வேண்டாம் என்றார். அடியில் முழுவதும் சரளை, நீர் தங்காது, எத்தனை மழை பெய்தாலும் மூன்றாம் நாள் தரை காய்ந்துவிடும் என்றார். வேறு எங்கே வெட்டலாம் என்று வனவர் கேட்டார். ஓடை திரும்பும் இடத்தில், சித்திரை வெயிலிலும் கோரை பச்சையாக நிற்கிற பக்கம் என்று பதில் வந்தது. மறுநாள் எல்லோருமாக நடந்து போய்ப் பார்த்தோம். சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, அந்த வளைவில் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கோரை நின்றது. வனவர் குனிந்து குச்சியால் கிளறினார். மேல்மண்ணுக்குக் கீழே ஈரம் இருந்தது. இடம் மாற்றப்பட்டது. ஒரு மண் பரிசோதனைக்கும் குறையாத அறிவு அது. அதைத் தெரிந்துகொள்ள ஆன செலவு ஒரு டப்பா கோலப்பொடி.

எல்லாமே இப்படிச் சுமுகமாக முடிந்துவிடவில்லை. கன்று நட்ட சரிவுகளை மூன்று ஆண்டுகள் மேய்ச்சலுக்கு மூடுவது என்ற பேச்சு வந்தபோது ஊர் இரண்டாகியது. மாட்டை விடலாம், ஆட்டை மட்டும் விடக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். காரணமும் சரியாகவே இருந்தது. மாடு குனிந்து புல்லை மேயும், ஆடு தலையை உயர்த்தித் தளிரைக் கடிக்கும், தளிர் போனால் கன்று போச்சு. கேட்பதற்குக் காடு காக்கும் பேச்சாகவே இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் மாடு வைத்திருந்தவர்கள் நிலம் உள்ளவர்கள். ஆடு வைத்திருந்தவர்கள் ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள். அந்த ஒரு வரி விதியில் காட்டின் செலவு முழுவதும் ஏழைகள் தலையில் ஏறியிருக்கும்.

ஆட்டுக்காரர் ஒருவர் எழுந்து, "சார், புல் அறுத்துக் கட்டிப் போட்டால் மாடு தின்னும். ஆடு தின்னுமா? நீங்களே சொல்லுங்கள். பிள்ளை படிப்புக்கும் வைத்தியத்துக்கும் நான் விற்பது ஆட்டைத்தானே?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. பிறகு வந்த கூட்டங்களிலும் அதே பேச்சுத்தான். மூன்று சரிவுகளையும் ஒரே நேரத்தில் மூடாமல் ஒன்றன்பின் ஒன்றாக மூடுவது, மேல் மடுவுக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் தடத்தை எந்த நிலையிலும் அடைக்காமல் விடுவது என்று கடைசியில் முடிவானது. நடவுத் திட்டம் இதனால் நீண்டுபோகும் என்று மேலிடத்திலிருந்து அதிருப்தி வந்தது. வரட்டும் என்றிருந்தோம். மூடிய சரிவுக்குக் காவல் நின்றவர்களில் அந்த ஆட்டுக்காரரும் ஒருவர். அவரைக் கேட்காமல் மூடியிருந்தால், எத்தனை வேட்டைத் தடுப்புக் காவலர்களை நிறுத்தினாலும் இரவில் மந்தை உள்ளே போயிருக்கும்.

அந்த விவாதத்தில் நான் பிடிவாதமாகச் செய்த வேலை ஒன்று உண்டு. தீர்மானப் பதிவேட்டில் வழக்கமாக "ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்த வரியை எழுத நான் விடவில்லை. யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார், அதற்கு என்ன ஏற்பாடு செய்தோம் என்று முழுவதும் எழுதினேன். கைநாட்டு வைப்பவர்களுக்கு எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் மையை நீட்டினேன். நேரம் பிடிக்கும், சலிப்பாகவும் இருக்கும். ஆனால் அதிகாரிகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு ஊர் சொன்னது எதுவும் தெரியாது. பதிவேட்டில் இருப்பதுதான் அவருக்கு ஊர்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும்போது ஒரு பீடித்துண்டு போதும். தீத்தடுப்புக் கோடுகளைக் கோடைக்கு முன்பே செதுக்கி வைப்பது வழக்கம். உண்ணிச்செடி மண்டிய இடங்களில் அந்தக் கோடு மட்டும் போதாது. அந்தப் புதர் தரையில் போகும் தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும். எந்தப் பக்கம் எப்போது காற்று திரும்பும் என்பதைத் தேனெடுப்பவர்களிடம் கேட்டுக் கோட்டின் போக்கை மாற்றினோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்து 23 உயிர்களைப் பறித்த செய்தியைப் படித்தபோது, காட்டுத் தீயை வெறும் மரக்கணக்காகப் பார்ப்பவர்கள் மீது எனக்கு ஆற்றாமையே வந்தது.

திட்டத்தில் ஊராருக்குக் கிடைத்த சுழல் நிதிக் கடன், தையல் இயந்திரம், அடுப்பு இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பலருக்கு உதவின. ஆனால் கடன் கிடைக்கும்வரை கூட்டத்துக்கு வந்து, திட்டப் பணம் நின்றதும் வராமல் போனவர்களும் பலர். திட்டக் காலம் முடிந்ததும் எத்தனையோ ஊர்களில் குழு பெயரளவில்கூட இல்லாமல் போனது. அரசாணையால் பிறந்த குழுவுக்கு அந்தப் பலவீனம் எப்போதும் உண்டு. ஆணை நின்றால் அதுவும் நிற்கும்.

அதனால்தான் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். காட்டைப் பாதுகாக்கவும், மீட்டெடுக்கவும், நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அது உரிமை தருகிறது. வேண்டும்போது கேட்டுக்கொள்ளும் யோசனையாக அதை விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் உரிமைப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டு, 2016க்குப் பிறகே வழி திறந்தது. பழங்குடியினரும், மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழும் மற்றவர்களும் அதன்கீழ் விண்ணப்பிக்கலாம்.

மலைமேல் குடியிருப்பிலிருந்து மலையாளி என்ற பழங்குடி இனத்து இளைஞர்கள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். ஊருக்கே பொதுவான சமூக வன உரிமைக்கு மனு எழுதுகிறார்கள், பழைய ஆவணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தச் சட்டத்தின் விதிகளில் ஏற்கத்தக்க சான்றுகளின் பட்டியலைப் பார்த்தோம். அரசு ஆவணங்களின் வரிசையில் நுண்திட்டமும் இருக்கிறது. மேய்ச்சல் இடம், நீர்நிலை, காய்கனி சேகரிக்கும் இடம் ஆகியவை சமூக உரிமைக்குச் சான்றாகும். எழுத்தில் பதிவு செய்த மூத்தோர் வாக்குமூலமும் சான்றுதான். எங்கள் நுண்திட்டத்தில் பாட்டி இழுத்த வழிகளும், கடுக்காய் மேடும், மேல் மடுவுக்குப் போகும் தடமும் பெயரோடு இருந்தன. அவற்றில் பாதி அந்த இளைஞர்களின் பெரியவர்களும் நடந்த வழிகள். நகல் எடுத்துக் கொடுத்தேன்.

குழு கலைந்துபோன ஊர்களிலும் அந்தப் பழைய நுண்திட்டமும் தீர்மானப் பதிவேடும் முன்னாள் தலைவர் வீட்டு பீரோவிலோ, வனச் சரக அலுவலக அலமாரியிலோ கிடக்கக்கூடும். கரையான் அரிப்பதற்குள் தேடி எடுங்கள். வீட்டில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதி நகல் கேளுங்கள். கூடவே, அந்தக் காலத்தில் கூட்டத்துக்கு வந்த பெரியவர்கள் இன்னும் இருந்தால், ஒரு நோட்டோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.