ரெண்டுக்கு மூணு

‘ஆமாம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. “பிளாக்ஜாக் விழுந்தா ரெண்டுக்கு மூணு தர்றாங்களா, அஞ்சுக்கு ஆறு தர்றாங்களான்னு முதல்ல பாரு” என்றேன். அந்தப் பையன் கேட்டது வேறு: “அக்கா, இந்த சார்ட்டை மனப்பாடம் பண்ணிட்டா கோவா கேசினோவுக்குப் போய் ஜெயிச்சிடலாம்ல?”

பெங்களூரில் கேம் டெஸ்டிங் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரம்மி தெரிந்தவர்கள், பிளாக்ஜாக் தெரியாதவர்கள். 21-ஐத் தாண்டாமல், கேசினோ சார்பில் ஆடும் டீலரைவிட அதிகம் சேர்க்கிற சீட்டாட்டம் அது; முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்து மதிப்புள்ளதும் (10, ஜாக், ராணி, ராஜா) ஆக வந்தால் அந்தக் கைக்கும் பிளாக்ஜாக் என்றுதான் பெயர். எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று காட்டும் சார்ட் தெரியாமல் இந்த வேலை நடக்காது. ஹிண்ட் பட்டன் தப்பான யோசனை சொன்னால் பிடிக்க வேண்டியவர்களே அவர்கள்தான். அதனால் சொல்லிக்கொடுத்தது என் வேலை. இதை எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டாயிற்று.

சொல்லிக்கொடுக்கிற முறையும் சரியானதுதான். டீலருக்குச் சொந்த விருப்பம் கிடையாது, 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நின்றே ஆக வேண்டும். மொத்த சார்ட்டும் இதிலிருந்து பிறக்கிறது. டீலரின் திறந்த சீட்டு 6 என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 42 தடவை அவர் 21-ஐத் தாண்டி பஸ்ட் ஆவார். 7 என்றால் அது 26 ஆக இறங்கிவிடும். ஆகவே 2 முதல் 6 வரை பார்த்தால் 13-லேயே நின்றுகொள்ளலாம்; 7-ம் அதற்கு மேலும் பார்த்தால் 17 வரும்வரை ஹிட், அதாவது இன்னொரு சீட்டு. 12 மட்டும் தனி. டீலரிடம் 4, 5, 6 இருந்தால்தான் அதில் நிற்க வேண்டும். 2-க்கும் 3-க்கும் எதிரே ஹிட் என்றால் புதியவர்கள் பயப்படுவார்கள். ஆனால் 12-ஐக் கெடுப்பது பத்து மதிப்புள்ள சீட்டு மட்டும்தான், 13-ல் 4 வாய்ப்பு.

ஜோடி ஏஸ், ஜோடி 8 எப்போதும் ஸ்ப்ளிட், அதாவது இரண்டு கையாகப் பிரித்து ஆடுவது. ஜோடி 10, ஜோடி 5 ஒருபோதும் இல்லை. 11 கையில் இருந்து டீலரிடம் 2 முதல் 10 வரை எது இருந்தாலும் டபுள், பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு. இதெல்லாம் ஒரே நாளில் பதிந்துவிடும். பதியாதது 11 ஆக எண்ணிய ஏஸும் 7-ம் சேர்ந்த 18. டீலரிடம் 9, 10 அல்லது ஏஸ் இருந்தால் அதையும் ஹிட் செய்ய வேண்டும் என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை. அந்த ஏஸை எப்போது வேண்டுமானாலும் 1 ஆக எண்ணிக்கொள்ளலாம், ஒரு சீட்டு எடுத்ததற்காக பஸ்ட் ஆகாது. அது புரிந்த பிறகும் கை தயங்கும்.

அவனுக்குத் தயக்கம் 16-ல்தான். டீலரிடம் 10. ஹிட் செய்தால் 13-ல் 8 சீட்டுகள் கையைக் கொன்றுவிடும். நின்றால் டீலர் பஸ்ட் ஆவது நாலில் ஒரு தடவைகூட இல்லை. 100 ரூபாய் வைத்தால் இரண்டு வழியிலும் சராசரியாக 54 ரூபாய் போச்சு. ஹிட் செய்வது ஒரு ரூபாய்க்கும் குறைவான வித்தியாசத்தில் மேல். “எப்படியும் தோல்விதான்னா இதுக்கு எதுக்கு சார்ட்?” என்று கேட்டான். குறைவாகத் தோற்பதற்கு என்றேன். தலையாட்டினான். விடை அப்போதே அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று ஒரு நாள் நினைக்கிறேன். அது 16-க்கு மட்டுமான பதில் என்று எடுத்துக்கொண்டிருப்பான் என்று மறுநாள் நினைக்கிறேன்.

1956-ல் பால்ட்வின், கான்டி, மைசல், மெக்டெர்மட் என்ற நான்கு அமெரிக்க ராணுவத்தினர் மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு இந்த உத்தியை முதன்முதலாக முறையாகக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த மிகச் சிறந்த ஆட்டமும் ஆடுகிறவனுக்கு லேசான நஷ்டத்தில்தான் முடிந்தது. இன்றும் நல்ல விதிகள் உள்ள மேசையில், ஒரு பிழையும் இல்லாமல் ஆடினால், கேசினோவுக்குச் சுமார் 0.5 சதவீதம் போகும்.

அப்படியானால் ‘இல்லை’ என்பதுதானே நேர்மையான பதில்? அவ்வளவு எளிதாகவும் இல்லை. பிளாக்ஜாக் ஏறத்தாழ 21 கைக்கு ஒரு தடவை விழும். ரெண்டுக்கு மூணு என்று 100 ரூபாய்க்கு 150 தர வேண்டிய இடத்தில் அஞ்சுக்கு ஆறு என்று 120 தந்தால், அந்த 30 ரூபாய் எல்லாக் கைகளிலும் பரவி 1.4 சதவீதமாக ஏறிவிடும். ஆயிரம் ரூபாய் வீதம் 70 கை ஆடினால் முதல் மேசையில் எதிர்பார்க்கும் நஷ்டம் 350 ரூபாய், இரண்டாவதில் 1,300-க்கு மேல். போகத்தான் போகிறான் என்றால் என் பதில் ‘இல்லை’யை விட அவனுக்கு அதிகம் உதவும்.

ஆனால் அதே 70 கையில் பத்தாயிரம் ரூபாய் மேலேயோ கீழேயோ போவது சாதாரணம். அந்த ஊசலாட்டத்துக்குள் 350 ரூபாய் யார் கண்ணிலும் படாது. ஜெயித்து வந்தால் சார்ட்டுக்கு நன்றி சொல்வான். தோற்றால் நேரம் சரியில்லை என்பான். எது நடந்தாலும் சார்ட்டின் மேல் நம்பிக்கை குறையாது. இதைத்தான் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா என்பதும் நிச்சயமில்லை. இதே கணக்கைப் பாடமாகக் கேட்டவர்கள் எங்கள் டீமிலேயே கோவாவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். டீலர் ஏஸ் காட்டும்போது, அவருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று தனியாகப் பந்தயம் கட்டச் சொல்லிக் கேட்கிற இன்ஷூரன்ஸை எடுக்காதே என்று மட்டும் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். இரண்டு மடங்கு தருகிற அந்தப் பந்தயம் மூன்றில் ஒரு தடவையாவது பலித்தால்தான் கட்டுபடியாகும். பலிப்பதோ 13-ல் 4.

பணஜிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து அவனுடைய மெசேஜ் வந்தது. “அக்கா, என் கையில பிளாக்ஜாக், டீலர்கிட்ட ஏஸ். உடனே சமப் பணம் தர்றேன்னு சொன்னா வாங்கலாமா?” 13-ல் 9 தடவை ஒன்றரை மடங்கு வரும், மற்ற 4 தடவை டீலருக்கும் பிளாக்ஜாக் இருந்து போட்ட பணம் மட்டும் திரும்பும், சராசரி 1.04, சமப் பணம் வெறும் 1. “வாங்காதே, பொறுத்திரு” என்று பதில் போட்டேன்.