பிணைப்பு உடைந்தால் வெப்பம் வருமா? மெட்ரிக் வேதியியலில் நான் திருத்திக்கொண்டவை

பதினோராம் வகுப்பு ஜூன் தேர்வில் ஒரு கேள்வி: எரிபொருள் எரியும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது? ‘பிணைப்பு உடைவதால்’ என்று எழுதினேன். மதிப்பெண் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் அதையேதான் எழுதியிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்த வருடம் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு, எழுதப்போகும் தம்பி, தங்கைகள் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எனக்கு இது ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த இரண்டு காந்தங்களால்தான் புரிந்தது. ஒட்டியிருப்பவற்றைப் பிரிக்க நாம்தான் இழுக்க வேண்டும். கிட்டே கொண்டுபோய் விட்டால் தாமாகவே ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். அணுக்களும் அப்படித்தான். அவற்றை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும். புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆகிறது. ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) ஹைட்ரஜனின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல், குளோரினுக்கு 242. மொத்தச் செலவு 678. உருவாவதோ இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு. மோலுக்கு 431 வீதம் வரவு 862. செலவிலிருந்து வரவைக் கழித்தால் மைனஸ் 184. அதாவது 184 கிலோஜூல் வெளியே வருகிறது, வெப்ப உமிழ் வினை. எப்போதும் செலவை முதலில் எழுதுங்கள், குறி தானாகச் சரியாக விழும்.

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது: உடைவது மூலக்கூறுக்கு உள்ளேயா, மூலக்கூறுகளுக்கு இடையிலா? தைப்பூசக் காவடிக்கு வாங்கி மீந்த கற்பூரத்தை அம்மா நாலு மிளகு போட்டு டப்பாவில் மூடி வைப்பார். அப்படியும் சில மாதங்களில் வில்லைகள் சிறுத்துவிடும். அங்கே கற்பூர மூலக்கூறுகள் முழுசாகவே காற்றில் கலக்கின்றன. உள்ளே இருக்கும் கார்பன், ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுகூட உடைவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை மட்டுமே விலகுகிறது. அதே வில்லையை ஆரத்தித் தட்டில் வைத்துக் கொளுத்தினால் கதை வேறு. தீக்குச்சி கொடுக்கும் வெப்பம் முதல் சில பிணைப்புகளை உடைக்கிறது. அதுதான் கிளர்வு ஆற்றல். அப்புறம் கார்பன் டை ஆக்சைடும் நீரும் உருவாகி வெளிவிடும் வெப்பமே அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்குப் போதும், சுடர் நின்று எரிகிறது.

வேதியியலுக்கான இரண்டாம் தாளில், 150 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம், கரிம வேதியியலில் கொதிநிலைக் கேள்வி வரும். ஆல்கஹாலுக்கு ஏன் அதிகம் என்று கேட்டால் ‘ஹைட்ரஜன் பிணைப்பு வலுவான மூலக்கூறிடை விசை, அதை மீற அதிக ஆற்றல் தேவை’ என்று எழுத வேண்டும். அந்தப் பெயரில் ‘பிணைப்பு’ இருப்பதுதான் ஏமாற்றும். மூலக்கூறுக்குள் பிணைப்பு உடைகிறது என்று எழுதினால் போச்சு.

கல்வித்துறை இணையதளத்தில் பழைய தாள்களும் விடைக்குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. என் விடைகளில் ‘பிணைப்பு’ என்று வந்த இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, உள்ளேயா, இடையிலா என்று கேட்டுக்கொள்வேன். இறுதித் தேர்வில்கூட ஓரிடத்தில் அப்படித்தான் கண்டுபிடித்து, அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.